காற்றை அளந்த பிறகே பெட்ரோல்: டர்போ இன்ஜின் டியூனிங்கில் தரவுப் பதிவு

கார்புரேட்டர் வண்டிகள் ஓடிய காலத்தில் நல்ல மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, முனையின் நிறத்தைப் பார்த்தே கலவையைச் சொல்லிவிடுவார். கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். செங்கல் நிறத்தில் இருந்தால் கலவை ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம். அந்தக் கண் பயிற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் பிளக்கின் நிறம் பல கிலோமீட்டர் ஓட்டத்தின் மொத்தக் கணக்கு. எந்த வேகத்தில், எந்தச் சுமையில் கலவை தவறியது என்று அதில் தெரியாது. சாதாரண இன்ஜினுக்கு அந்த மொத்தக் கணக்கே போதும். டர்போ பொருத்திய இன்ஜினிலோ, முழு பூஸ்டில், அதாவது டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது, இரண்டு மூன்று நொடி கலவை தவறினாலே பிஸ்டன் போய்விடக்கூடும். அதன்பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்து என்ன பயன்?

அதனால்தான் டர்போ காரை டியூன் செய்கிறவர்கள் லேப்டாப்பை இன்ஜின் கணினியோடு இணைத்து, ஓட்டத்தின் ஒவ்வொரு நொடித்துணுக்கையும் வரிசை வரிசையாகப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவில் எல்லோரும் முதலில் தேடுவது காற்று-எரிபொருள் விகிதத்தை. அது என்னவாக இருக்க வேண்டும், அதை அளக்கும் சென்சாரை எவ்வளவு நம்பலாம், பதிவை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டு, சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். 1992இல் ஜப்பானில் வந்து, 2002 மாடலாக அமெரிக்காவுக்குப் போன கார் அது. அங்கே ஆர்வலர்கள் அதன் கணினி பேசும் மொழியைப் பிரித்துப் படித்தார்கள்; ரோம்ரெய்டர், ஈசியூஃப்ளாஷ் போன்ற மென்பொருள்களை இலவசமாகவே வெளியிட்டார்கள். ஒரு தொழிற்சாலைக் கணினி உள்ளுக்குள் எப்படி யோசிக்கிறது என்பது இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்த கார்கள் குறைவு.

14.7 என்ற எண்

ஒரு கிலோ தூய பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால். மெத்தனாலுக்கு இன்னும் குறைவு, 6.4. ஆக, எரிபொருள் மாறினால் விகிதத்தின் பொருளும் மாறுகிறது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க வந்த அளவுதான் லாம்டா. இருக்கும் காற்றை, முழு எரிப்புக்குத் தேவையான காற்றால் வகுத்தால் லாம்டா. 1 என்றால் சரியளவு. 1க்குக் கீழே பெட்ரோல் அதிகம். பட்டறைப் பேச்சில் ரிச். மேலே போனால் லீன்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதன் சரியளவு 13.5க்கு அருகில். தூய பெட்ரோலை வைத்து முழு பூஸ்டில் 11.5 என்று டியூன் செய்த காரில் லாம்டா 0.78. அதே எடை எரிபொருளை எத்தனால் கலப்பில் ஊற்றினால் லாம்டா 0.85 ஆகிவிடும். எடை விகிதம் மாறாமலே கலவை லீன் பக்கம் நகர்ந்துவிட்டது. டாஷ்போர்டு கேஜ் காட்டுவதும் உண்மையான எடை விகிதத்தை அல்ல. சென்சார் உணர்வது லாம்டாவை மட்டும்தான். கேஜ் அதை 14.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது, டேங்கில் எது இருந்தாலும். எத்தனாலின் ஆக்டேன் அதிகம் என்பதால் நாக், அதாவது கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது, சற்றுத் தள்ளிப் போகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகையை நம்பி டியூன் செய்யக் கூடாது. லாம்டாவில் பேசுகிறவருக்கு இந்தக் குழப்பமே வராது.

டர்போவுக்கு ஏன் ரிச்

டர்போ இல்லாத இன்ஜின் லாம்டா 0.86 முதல் 0.90 வரை உள்ள பகுதியில் அதிக சக்தி தரும். டர்போ இன்ஜினை வழக்கமாக 0.75 முதல் 0.82 வரை, அதாவது பெட்ரோல் கணக்கில் 11 முதல் 12 வரை ஓட்டுகிறார்கள். சக்திக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பெட்ரோல் ஊற்றுவது ஏன்? கேட்டால் வரும் பதில்: பெட்ரோல் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கிறது, அதனால் நாக் அடங்குகிறது.

இந்தப் பதிலைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் முழுவதும் காற்றிலிருந்தே வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், 14.7 கலவையில் காற்று 24 டிகிரி குளிரும், 11.5 கலவையில் 30 டிகிரி. வித்தியாசம் வெறும் 6 டிகிரி. இன்டர்கூலரை நன்றாகக் கழுவினாலே அதைவிட அதிகம் கிடைக்கலாம். எத்தனாலோ ஆவியாக இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தை எடுக்கும், எடையிலும் அதிகம் ஊற்றப்படும். அதே கணக்கில் அதன் குளிர்ச்சி 90 டிகிரியைத் தாண்டுகிறது. ஆவியாதல் பற்றிய பேச்சு எத்தனாலுக்குப் பொருந்தும் அளவு பெட்ரோலுக்குப் பொருந்தாது. ரிச் பெட்ரோல் கலவை காப்பாற்றுவது பெரும்பாலும் எரியும்போதுதான். கிடைக்கும் ஆக்சிஜன் போதாமல் கார்பனின் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாகவே நின்றுவிடுகிறது, அதே வெப்பம் கூடுதல் எடையில் பரவுகிறது. அதனால் சுடரின் வெப்பமும் எக்ஸாஸ்ட் வெப்பமும் இறங்குகின்றன. டர்பைன் சக்கரமும் எக்ஸாஸ்ட் வால்வும் பிழைப்பது அதனால்தான்.

இதற்கு எல்லை உண்டு. 0.75க்குக் கீழே சுடர் மெதுவாகும், சக்தி குறையும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலம் கழுவப்படும், பிளக் கரி பிடிக்கும். "ரிச்சா இருந்தா பத்திரம்" என்பது பாதி உண்மைதான். நாக் வருவது பொறி வைக்கும் நேரமான டைமிங் அளவுக்கு மீறி முன்னதாக இருப்பதால் என்றால் டைமிங்கைக் குறைப்பதே மருந்து. பெட்ரோலை ஊற்றி அதை மூடுவது என் பார்வையில் தவறான வைத்தியம்.

பெட்ரோலைத் தவிர வேறு வழிகளும் தொடக்கத்திலிருந்தே இருந்தன. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் 10.25 கம்ப்ரஷனோடு டர்போவையும் சேர்த்து, நாக்கை அடக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தது. அதற்கென்று தனித் தொட்டி. அதை நிரப்ப உரிமையாளர்கள் மறந்தார்கள். கார் இரண்டு ஆண்டில் நின்றுபோனது. சுவீடனின் சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் வேறு பாதையில் போனது. இன்ஜின் பிளாக்கில் ஒரு சென்சாரை வைத்து நாக் சத்தத்தைக் கேட்கச் செய்து, கேட்டவுடன் பூஸ்டைக் குறைத்தது. இன்ஜினே சொல்வதைக் கேட்டு நடத்துவது என்ற அந்த எண்ணத்தின் வாரிசுதான் இன்றைய தரவுப் பதிவு.

சென்சாரை எவ்வளவு நம்பலாம்

1976இல் போஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சார் வோல்வோ 240 வரிசைக் கார்களில், கலிபோர்னியாவின் புகை விதிகளுக்காக முதலில் வந்தது. சர்க்கோனியா பீங்கானால் ஆன அந்தச் சென்சார் ரிச் பக்கம் 0.9 வோல்ட், லீன் பக்கம் 0.1 வோல்ட் காட்டும். 1ஐத் தாண்டும் இடத்தில் சட்டென்று மாறும். ரிச்சா லீனா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு அது போதும், டர்போ டியூனிங்குக்கு உதவாது. எவ்வளவு என்று சொல்லும் வைட்பேண்ட் சென்சார் 1990களில் கார்களுக்கு வந்தது. 2000களின் தொடக்கத்தில் அதை வைத்த கருவி சில நூறு டாலருக்கு இறங்கிய பிறகுதான் தனிநபர்கள் கையில் அது சேர்ந்தது.

வைட்பேண்ட் காட்டும் எண்ணைப் பலர் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அது தவறிப்போகும் இடங்கள் பல. மிக ஆபத்தானது மிஸ்ஃபயர். கலவை அளவுக்கு மீறி ரிச் ஆகி ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், எரியாத ஆக்சிஜன் அப்படியே எக்ஸாஸ்டில் வரும். சென்சார் அதைப் பார்த்து லீன் என்று சொல்லும். டியூன் செய்கிறவர் இன்னும் பெட்ரோலைக் கூட்டுவார், மிஸ்ஃபயர் இன்னும் மோசமாகும். எக்ஸாஸ்டில் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தாலும், குறைந்த சுமையில் வெளிக்காற்று உள்ளே புகுந்து இதே பொய் லீன் வரும்.

இரண்டாவது, அழுத்தம். டபிள்யூஆர்எக்ஸின் தொழிற்சாலைச் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே பூஸ்ட் ஏற ஏற எக்ஸாஸ்ட் அழுத்தமும் ஏறும். அழுத்தம் கூடினால் சென்சாரின் மின்னோட்டம் கூடும். ரிச் கலவை உள்ளதைவிட இன்னும் ரிச்சாகத் தெரியும். போதாததற்கு, அது சுமார் 11க்குக் கீழே காட்டாது. முழு பூஸ்ட் பதிவுக்கு அந்த எண் உதவாது. டர்போவுக்குப் பின்னால் தனி வைட்பேண்ட் வேண்டும்.

மூன்றாவது, வயரிங். வைட்பேண்ட் கருவி 0 முதல் 5 வோல்ட்டை 10 முதல் 20 வரையான விகிதமாகச் சொல்கிறது என்றால், எர்த் இணைப்பில் 0.1 வோல்ட் வித்தியாசம் வந்தாலே விகிதத்தில் 0.2 பிழை. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, அதற்கு மருந்தும் இல்லை: ஒரே சென்சார் நான்கு சிலிண்டரின் சராசரியைத்தான் பார்க்கிறது. ஒரு இன்ஜெக்டர் அடைத்து அந்தச் சிலிண்டர் மட்டும் 10 சதவீதம் லீன் ஆனால், சராசரியில் தெரிவது 2.5 சதவீதம்தான். உருகுவது அந்த ஒரு பிஸ்டன். வருடத்துக்கு ஒருமுறை இன்ஜெக்டர்களைச் சோதனை மேடையில் வைத்து ஒவ்வொன்றின் பாய்ச்சலையும் அளப்பதற்கு எந்த மென்பொருளும் ஈடாகாது.

பதிவைப் படிப்பது

அந்தக் காலத்து சுபாரு கணினி நொடிக்கு 4800 பிட் வேகத்தில் பேசும். ஒரு பைட்டுக்கு 10 பிட் வீதம் நொடிக்கு 480 பைட்தான். கண்டதையெல்லாம் பதிவில் சேர்த்தால் ஒவ்வொன்றும் மெதுவாகும். நொடிக்கு 10 வரி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 முறை எரிகிறது. பதிவின் இரண்டு வரிகளுக்கு நடுவே நான்கு சிலிண்டரிலும் சேர்த்து 20 எரிப்புகள் நடந்து முடிந்துவிடும். நாக் அந்த இடைவெளியில் வந்து போனால் பதிவில் தடயமே இருக்காது.

இங்கேதான் சுபாரு கணினியின் ஞாபகம் கைகொடுக்கிறது. நாக் கேட்டவுடன் அது டைமிங்கைப் பின்னிழுக்கிறது. அதே வேகம், அதே சுமையில் திரும்பத் திரும்பக் கேட்டால் அந்த இடத்துக்கென்று ஒரு திருத்தத்தை எழுதி வைத்துக்கொள்கிறது. பெட்ரோலே மோசம் என்று பட்டால் மொத்த டைமிங் கூடுதலுக்கும் ஒரு பெருக்கெண்ணைக் குறைக்கிறது. பதிவு தவறவிட்டதை இந்த அட்டவணைகள் பிடித்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றினால் அவை அழிந்துவிடும் என்பதால், வண்டியைப் பார்க்கும் முன் கணினியை ரீசெட் செய்வது சாட்சியத்தைத் துடைப்பதற்குச் சமம். முதலில் அந்த அட்டவணைகளைப் படித்து எடுத்து வைக்க வேண்டும்.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. 92 மில்லிமீட்டர் போர் உள்ள இந்த 2.0 லிட்டர் இன்ஜினில் நாக் ஏறத்தாழ 6 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். சென்சார் கேட்பது ஒலியை மட்டுமே. தளர்ந்த பிராக்கெட், பிளாக்கில் உரசும் பைப், குளிரில் தட்டும் ஃபோர்ஜ்டு பிஸ்டன், எதுவும் அந்த ஒலியைத் தரலாம். ஒரே ஆர்பிஎம்மில், சுமை எதுவானாலும் நாக் வந்துகொண்டே இருந்தால் முதலில் ஸ்பேனரை எடுங்கள்.

இனி விகிதத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல வந்ததும் இதுதான். பதிவில் விகிதம் தவறாக இருந்தால் எரிபொருள் அட்டவணையைத் திருத்தி எண்ணைச் சரிசெய்துவிடுவது எளிது. கேஜ் அழகாகிவிடும், இன்ஜின் அபாயத்திலேயே இருக்கும். காரணம் இது.

டபிள்யூஆர்எக்ஸ் காற்றை நேரடியாக அளக்கிறது. இன்டேக் குழாயில் சூடான கம்பி, அதைத் தாண்டும் காற்று அதைக் குளிர்விக்கும் அளவு, அதிலிருந்து ஒரு வோல்டேஜ், அந்த வோல்டேஜுக்கு நொடிக்கு இத்தனை கிராம் காற்று என்று ஒரு அட்டவணை. இதுதான் மாஃப் சென்சார். இன்டேக் குழாயை மாற்றி உள்விட்டம் 70இலிருந்து 76 மில்லிமீட்டர் ஆனால் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகக் கடக்கும், கம்பி குறைவாகக் குளிரும், கணினி காற்றைக் குறைத்து மதிப்பிடும். கலவை லீன் ஆகும்.

மெதுவாக ஓட்டும்போது இது வெளியே தெரியாது. அப்போது கணினி லாம்டா சென்சாரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அந்தத் திருத்தங்களைக் காற்றளவின் நான்கு பகுதிகளாகப் பிரித்து நினைவிலும் வைத்துக்கொள்கிறது. முழு பூஸ்டில் சென்சாரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அட்டவணையை நம்பியே ஓடுகிறது. நான்காவது பகுதியில் கற்ற திருத்தத்தை மட்டும் மேலே தூக்கிச் செல்கிறது. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனபோது கற்ற பாடம், 1 பார் பூஸ்டில் பயன்படுத்தப்படுகிறது. இன்று ஒரு விகிதம், அடுத்த வாரம் வேறு விகிதம் என்று புகார் சொல்கிறவர்களின் பதிவில் பல முறை இதுதான் காரணம்.

கணினி குறிவைத்த லாம்டா 0.78, பதிவானது 0.82 என்று வைப்போம். 5 சதவீதம் லீன். அந்த நொடியில் கணினி கணக்கிட்ட காற்று நொடிக்கு 180 கிராம், 5500 ஆர்பிஎம். கணினியின் பார்வையில் ஒரு சுற்றுக்கு 1.96 கிராம் சுமை. உண்மையில் காற்று 189 கிராம், சுமை 2.06. டைமிங் அட்டவணையிலும் கணினி இந்தச் சுமையை வைத்துத்தான் இடம் தேடுகிறது. சுமையைக் குறைவாக நினைத்தால் டைமிங்கைக் கூடுதலாகக் கொடுக்கும். ஆக, காற்றளவில் வந்த ஒரே பிழை கலவையை லீன் ஆக்கியது, டைமிங்கையும் முன்தள்ளியது. எரிபொருள் அட்டவணையில் 5 சதவீதம் கூட்டினால் முதல் பாதி மறையும், இரண்டாவது பாதி உள்ளேயே இருக்கும். திருத்த வேண்டியது மாஃப் அட்டவணையை: அந்த வோல்டேஜில் 180 என்று இருப்பதை 189 ஆக்க வேண்டும். பிறகு கலவை, அதன்பிறகே டைமிங்.

பிழை எங்கே இருக்கிறது என்பதைப் பதிவின் வடிவமே காட்டிக்கொடுக்கும். மாஃப் பிழை சில வோல்டேஜ்களில் அதிகம், சிலவற்றில் குறைவு. இன்ஜெக்டரின் அளவைத் தவறாகச் சொல்லியிருந்தால் பிழை எல்லா இடத்திலும் ஒரே சதவீதம். இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமத நேரம் தவறென்றால் ஐடிலில் பெரிதாகத் தெரிந்து மேலே மறையும்: 0.1 மில்லிசெகண்ட் பிழை, 1.5 மில்லிசெகண்ட் தெளிப்பில் 7 சதவீதம். 15 மில்லிசெகண்ட் தெளிப்பில் 1 சதவீதம்கூட இல்லை. ஒன்றின் பிழையை இன்னொன்றில் ஏற்றிச் சமன்செய்த டியூனின் குட்டு, குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆகும்போதே வெளிப்பட்டுவிடும்.

இன்ஜெக்டரின் அளவு போதுமா என்பதைக் காகிதத்திலேயே பார்க்கலாம். 200 கிராம் காற்றுக்கு 11.5 விகிதத்தில் நொடிக்கு 17.4 கிராம் பெட்ரோல். அதாவது நிமிடத்துக்கு 1410 சிசி. நான்காகப் பிரித்தால் 352. நிமிடத்துக்கு 440 சிசி இன்ஜெக்டர் 80 சதவீத நேரம் திறந்திருக்கும். பூஸ்டைக் கூட்டிக்கொண்டே போய் இன்ஜெக்டர் எப்போதும் திறந்தே இருக்கும் நிலை வந்துவிட்டால், கணினி எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் பெட்ரோல் வராது. பதிவில் 6000க்கு மேல் விகிதம் மெல்ல மேலே ஏறினால் இதையும் பெட்ரோல் பம்பையும் சந்தேகியுங்கள்.

பதிவைப் படிக்கும்போது தாமதத்தையும் கழிக்க வேண்டும். வாயு சென்சாரை அடையவும், அது பதில் சொல்லவும் நேரமாகும். மூன்றாம் கியரில் 3000 முதல் 6500 வரை 5 நொடியில் ஏறினால், நொடிக்கு 700 ஆர்பிஎம். தாமதம் 0.2 நொடி என்றால் 5000 என்ற வரியில் தெரியும் லாம்டா உண்மையில் 4860இல் எரிந்தது. நடு ஓட்டத்தில் இது பெரிதில்லை. பூஸ்ட் எழும் இடத்தில் தவறான கட்டத்தைத் திருத்தி விடுவீர்கள்.

இந்த முழு பூஸ்ட் ஓட்டத்தைப் பொதுச்சாலையில் எடுக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். மூன்றாம் கியரின் உச்சியில் இந்தக் கார் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். டைனோ என்ற உருளைச் சோதனை மேடை அல்லது பந்தயப் பாதை, வேறு இடம் இல்லை. சட்டமும் கவனிக்க வேண்டியது: அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டைக் கலைப்பது சட்டத்துக்குப் புறம்பானது, இந்தியாவில் தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

தயாரிப்பாளர்களோ ரிச் கலவையையே கைவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2017 முதல் புகையைச் சாலையில் வைத்தே அளக்கிறார்கள், லாம்டா 0.8இல் ஓடும் இன்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடை மறைக்க இனி இடமில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வைத்து நீரால் குளிர்விப்பது, மில்லர் சுழற்சி, பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் காரில் வந்த நீர்த் தெளிப்பு எல்லாம் முழு பூஸ்டிலும் லாம்டா 1இல் நிற்பதற்கான வழிகள். ஜெட்ஃபயரின் தண்ணீர்த் தொட்டி அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. இப்படிப்பட்ட புது இன்ஜினில் பழைய வழக்கப்படி 11.5ஐத் தேடுவது பொருளற்றது.

டர்போ கார் வைத்திருந்து இந்த வேலையில் இறங்க நினைக்கும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பாகத்தையும் மாற்றும் முன், பூஸ்ட் குழாய்களில் கசிவு இல்லை என்று அழுத்தச் சோதனை செய்துவிட்டு, தொழிற்சாலை நிலையிலேயே ஒரு வாரம் சாதாரண ஓட்டத்தைப் பதிவு செய்து பத்திரப்படுத்துங்கள். மாஃப் வோல்டேஜ், எரிபொருள் திருத்தங்கள், நாக் அட்டவணைகள், லாம்டா: இவை போதும். பின்னால் எடுக்கும் ஒவ்வொரு பதிவையும் ஒப்பிட உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்; பாகத்தை மாற்றிய பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது.